ஊர் வரலாற்று மலரில் பெண்கள் எங்கே? கீழத்தஞ்சைப் பக்கம் தேடுபவர்கள் உதவுங்கள்

கீழத்தஞ்சைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் எங்கள் ஊர். ஊருக்கு ஒரு வரலாற்று மலர் கொண்டுவரப் போகிறோம். தொகுப்புக் குழுவில் நானும் இருக்கிறேன். பொருளடக்கம் முடிவாகிவிட்டது: கோயில், பெரிய பண்ணைகள், பள்ளிக்கூடம் கட்டியவர்கள், தியாகிகள், விவசாயச் சங்கம், பஞ்சாயத்துத் தலைவர்கள். பெண்களுக்குக் கடைசியில் ஒரு பக்கம், அதிலும் மகளிர் குழுவின் படம் மட்டும். ஏன் இப்படி என்று கேட்டேன். "பெயரும் ஆதாரமும் கொண்டு வாங்க, போட்டுடலாம்" என்றார்கள். கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இது பெண்கள் ஒன்றும் செய்யாத வட்டாரம் இல்லை. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1883இல் திருவாரூரில் பிறந்தவர். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தின் கொடுமையை உள்ளே இருந்து பார்த்து, அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசியவர். 1938இல் இந்தி எதிர்ப்புப் படை திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தபோது, ஐம்பத்தைந்து வயதில் கூடவே நடந்தவர். 1989இல் வந்த திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பெயர்தான். இன்று கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் கிடைக்கிற திட்டத்துக்கும் அவர் பெயர்தான். நான் பாடம் நடத்தும் பெண்கள் அந்தப் பெயரைப் படிவத்தில் எழுதுகிறார்கள். யார் இவர் என்று கேட்டால் "பெரிய பணக்கார அம்மாவா இருப்பாங்க டீச்சர்" என்கிறார்கள்.

அப்புறம் மணலூர் மணியம்மை. சிறு வயதிலேயே கணவரை இழந்த பிராமணப் பெண். கைம்பெண் கோலத்தை உதறி, கிராப்பு வெட்டிக்கொண்டு, வேட்டியும் அரைக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு, பண்ணையாட்களுக்குச் சங்கம் கட்டினவர். 1953இல் மான் முட்டி இறந்துபோனார். எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் இந்தப் பக்கமெல்லாம் அலைந்து விசாரித்து அவர் வாழ்க்கையை நாவலாக எழுதாமல் போயிருந்தால், நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும்?

இவ்வளவு பெரியவர்களுக்கே இந்த நிலை. ஒரு ஊருக்குள் மட்டும் வாழ்ந்து, அந்த ஊருக்குப் பெரிய காரியம் செய்துவிட்டுப் போன பெண்களை எங்கே தேடுவது? எந்தப் பதிவேடு, எந்த அலுவலகம், யாரிடம் என்ன கேள்வி? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய பத்திரம்:

அம்மா, நல்ல வேலை எடுத்திருக்கிறீர்கள். நான் நெடுங்காலம் பத்திர எழுத்தரிடம் வேலை பார்த்தவன். என் அனுபவத்தில் ஊர்ப் பெண்களின் பெயர் அதிகமாக எழுதப்பட்டிருக்கும் இடம் சார்பதிவாளர் அலுவலகம்தான். யாரும் அதை வரலாறு என்று நினைத்துப் படிப்பதில்லை.

என்னென்ன பத்திரங்களில் வருவார்கள் என்று சொல்கிறேன். தகப்பனார் மகளுக்கு எழுதிவைக்கும் தானசெட்டில்மெண்ட். கைம்பெண்ணுக்குப் புகுந்த வீட்டார் எழுதிக்கொடுக்கும் ஜீவனாம்சப் பத்திரம்: வருஷத்துக்கு இத்தனை கலம் நெல், இன்ன அறையில் குடியிருக்கலாம் என்றெல்லாம் இருக்கும். ஒரு பெண்ணின் வாழ்க்கை எவ்வளவு இடத்துக்குள் அடைக்கப்பட்டது என்பதை அளந்து காட்டும் காகிதம் அது. கோயிலுக்கு நந்தவனம், தண்ணீர்ப்பந்தல், திருவிழாக் கட்டளை என்று பெண்கள் எழுதிவைத்த தர்மப் பத்திரங்களும் உண்டு. கட்டளையின் பெயரில் இன்று பேரன் பெயர் இருக்கும். மூலப் பத்திரத்தை எடுத்தால் எழுதியவர் பாட்டியாக இருப்பார்.

எல்லாவற்றையும் விட அதிகம் விடுதலைப் பத்திரம். 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்து தகப்பனார் பங்கில் மகளுக்கும் உரிமை என்று ஆனது. அதன் பிறகு அக்கா தங்கைகளை வரவழைத்து, "எனக்குச் சேர வேண்டிய பாகத்தை என் சகோதரருக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன்" என்று எழுதி வாங்குவது சாதாரணமாயிற்று. நான் பார்த்த வரையில் ஊர்ப் பெண்களில் பாதிப்பேர் பெயர் அரசாங்கக் காகிதத்தில் ஏறியதே அந்த ஒரு நாள்தான். உரிமையை விட்டுக்கொடுக்கிற அன்றைக்குத்தான் முழுப் பெயர், வயது, புகுந்த ஊர் எல்லாம் தெளிவாக எழுதப்படும். எத்தனையோ பேர் ரேகை வைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த முகங்கள் இன்னும் மனசில் இருக்கின்றன.

நடைமுறைக்கு வருவோம். பதிவு அலுவலகத்தில் சொத்துவாரி அட்டவணையும் உண்டு, பெயர்வாரி அட்டவணையும் உண்டு. எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் பெயர் அதில் வரும். இதற்கெல்லாம் மனுப் போட்டு, கட்டணம் கட்டி, காத்திருக்க வேண்டும். அதைவிடச் சுலபம், ஊரில் பழைய வீடுகளின் தகரப் பெட்டியைத் திறக்கச் சொல்வது. தாய்ப்பத்திரம் எல்லார் வீட்டிலும் இருக்கும். படிக்கும்போது கையெழுத்தா, பெருவிரல் ரேகையா என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் தலைமுறையில் எந்தத் தெருப் பெண்கள் எழுதப் படிக்க ஆரம்பித்தார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

சோழமண்டலன்:

நல்ல நோக்கம். ஆனால் ஒரு எச்சரிக்கை. இன்றைய ஆசைக்காக இல்லாததை இருந்ததாக எழுதிவிடக் கூடாது. அந்தக் காலத்தில் பெண்கள் பொதுவாழ்வில் அதிகம் இல்லை, அதனால் பதிவும் இல்லை. அரசிகள் விதிவிலக்கு. செம்பியன் மாதேவி, குந்தவை என்று எழுதலாம், கல்வெட்டு இருக்கிறது. மற்றபடி சாதாரணப் பெண்களுக்குச் சான்று எங்கே? "எங்க பாட்டி சொன்னாங்க" என்று எழுதினால் அது ஊர்க்கதை ஆகிவிடும், வரலாறு ஆகாது.

கல்லெழுத்து:

சோழமண்டலன் அண்ணா, சாதாரணப் பெண்களுக்குக் கல்வெட்டு இல்லை என்கிறீர்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கே போவோம். முதலாம் ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடிப்பாடி ஊழியம் செய்த பெண்களை, வரவழைத்துக் குடியேற்றினான். ஏறக்குறைய 400 பேர். ஒவ்வொருவர் பெயரும் கல்லில் இருக்கிறது. எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பது வரை இருக்கிறது. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு, நக்கன் சேரமங்கை என்று தொடங்கி வரிசையாகப் போகும். ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒருவர் இறந்துவிட்டாலோ தேசம் விட்டுப் போய்விட்டாலோ அந்தப் பங்கு யாருக்குச் சேர வேண்டும் என்றும் விதி இருக்கிறது.

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு நகரத்தின் தெருவாரியான பெயர்ப் பட்டியல் இது. அதுவும் பெண்களின் பட்டியல். கீழத்தஞ்சைக்காரி அக்கா, திருவாரூர்க் கோயில்களிலிருந்து போனவர்களும் அதில் இருக்கிறார்கள். உங்கள் மலரின் கோயில் பகுதிக்கு இது நேரடியாகப் பொருந்தும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் ஹுல்ட்ஷ் பதிப்பித்து நூறாண்டுக்கும் மேல் ஆகிறது. நாம் கோபுரத்தின் உயரத்தைப் பேசுகிற அளவுக்கு இந்தப் பெயர்களைப் பேசவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. அரசியைப் பற்றி எழுதினால் போதும் என்றும் நினைக்காதீர்கள். செம்பியன் மாதேவி செங்கல் கோயில்களைக் கற்றளியாக, அதாவது கற்கோயிலாக, மாற்றினார் என்ற ஒரு வரியோடு எல்லாரும் நிறுத்திவிடுகிறோம். கணவர் கண்டராதித்தர் இறந்த பிறகு, மகன் உத்தம சோழன் காலத்தையும் தாண்டி, ராஜராஜன் காலம் வரை பல பத்தாண்டுகள் நடந்த திருப்பணி அது. கோனேரிராஜபுரத்தில் கண்டராதித்தர் லிங்கத்தை வணங்குவதுபோலச் சிற்பம் வைத்து, அவர் பெயரால் கோயிலை எடுப்பித்திருக்கிறார். கட்டியது மாதேவி, பெயர் கணவருக்கு. பழைய பத்திரம் ஐயா சொன்ன கட்டளைக் கதைதான் பத்தாம் நூற்றாண்டிலும் நடந்திருக்கிறது. உங்கள் பக்கத்துச் சிறு கோயில்களிலும் விளக்கெரிக்க ஆடு விட்ட பெண், நிலம் விட்ட பெண் என்று ஏதாவது ஒரு கல்வெட்டு கட்டாயம் கண்ணில் படும். நேரில் போய்ப் பாருங்கள். சுண்ணாம்பு அடித்து மறைத்திருந்தால் சுரண்டாதீர்கள், தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

மேளக்காரத் தெரு:

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தளிச்சேரிப் பெண்டுகள் என்றால் கல்லெழுத்து போன்றவர்களுக்குப் பெருமையான ஆவணம். எங்கள் குடும்பம் பொட்டுக்கட்டும் வழக்கம் இருந்த இசை வேளாளர் குடும்பம். என் பாட்டி தன் அம்மாவின் பெயரை எங்களிடம் கடைசி வரை சொல்லவில்லை. பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி "அப்பா யார்" என்று வரும். அதற்காகவே ஒரு தலைமுறை வாயை மூடிக்கொண்டது. அதனால் யாராவது நோட்டுப் புத்தகத்தோடு வந்து "உங்க வீட்டுல யார் பொட்டுக்கட்டினவங்க" என்று கேட்டால் எங்கள் வீட்டில் கதவைச் சாத்திவிடுவார்கள். அது நியாயம்தான்.

ஆனால் எங்கள் பெண்கள் வரலாற்றில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எப்படி வர வேண்டும் என்பதுதான் பேச்சு. 1860களில் இனாம் (மானிய) நிலங்களை விசாரித்த இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடுகளில் கோயில் ஊழியத்துக்கு நிலம் வைத்திருந்த பெண்களின் பெயர், சர்வே விவரம், தீர்வை எல்லாம் இருக்கின்றன. ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். பெண்களுக்கு நிலம் இருந்தது, தங்கள் பெயரிலேயே இருந்தது, மகளுக்குப் போனது. முத்துலட்சுமி ரெட்டி கொண்டுவந்த 1929 சட்டம் ஏன் அந்த இனாம் நிலங்களை ஊழியத்திலிருந்து விடுவித்தது என்பதும் இந்தப் பின்னணி தெரிந்தால்தான் புரியும். ஊழியம் போனால் நிலமும் போகும் என்ற பயம் நீங்காமல் அவர்களால் வெளியே வர முடிந்திருக்காது. பொட்டுக்கட்டுதலையே தடை செய்த சட்டம் 1947இல் வந்தது.

எங்கள் வீட்டில் கொண்டாடுகிற பெயர் பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாற்றில் தியாகராஜர் சமாதி கேட்பாரற்றுக் கிடந்தபோது, சொந்தப் பணத்தில் இடம் வாங்கி, கோயில் எழுப்பி, 1926இல் குடமுழுக்கு செய்தவர். அவர் கட்டிய அதே இடத்தில் ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றிருந்தார்கள். அவர் பெண்களைத் திரட்டி, தனியாக ஆராதனை நடத்தி, 1940களில் எல்லாரும் சேர்ந்து பாடுகிற நிலையைக் கொண்டுவந்தார். 1952இல் காலமானார். சமாதியைப் பார்த்தபடி அவருக்கும் அங்கே சிலை இருக்கிறது. வருஷா வருஷம் பஞ்சரத்தினம் பாடுவதை டிவியில் பார்க்கிறவர்கள் அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா?

எனவே என் வேண்டுகோள்: இறந்துபோன பெண்ணின் பெயரை அச்சில் போடும் முன் இன்றைக்கு இருக்கும் குடும்பத்துப் பெண்களிடம் கேளுங்கள். ஆண்களிடம் அல்ல, பெண்களிடம். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

சோழமண்டலன்:

தளிச்சேரிப் பட்டியலைப் பற்றிக் கல்லெழுத்து சொன்னது சரி, அந்தக் கோணத்தில் அதை யாரும் எடுத்துச் சொன்னதில்லை. ஆனால் மேளக்காரத் தெரு சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை சகோதரி. நூறாண்டு பழைய அரசுப் பதிவேட்டில் இருக்கும் பெயரை வெளியிட யாருடைய அனுமதி வேண்டும்? மிராசுதாரின் பெயரை வெளியிட நாம் யாரையும் கேட்பதில்லையே. ஒவ்வொரு குடும்பமும் வேண்டாம் என்றால் வரலாறே எழுத முடியாது.

மேளக்காரத் தெரு:

மிராசுதார் பெயரைப் போட்டால் அவர் கொள்ளுப்பேத்திக்குக் கல்யாணம் தட்டிப்போகாது அண்ணா. அந்த வித்தியாசம் இருக்கிற வரைக்கும் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆராய்ச்சி நூலில் வருவது வேறு. ஊர் மலர் ஒவ்வொரு வீட்டுக்கும் போகும், டீக்கடையில் உரக்கப் படிப்பார்கள். பெயர் இல்லாமலே "இந்தக் கோயிலின் இசைக்கும் நாட்டியத்துக்கும் நிலம் பெற்றிருந்த பெண்கள் இத்தனை பேர், இத்தனை வேலி" என்று எழுதலாமே. அதுவே ஊருக்குப் புதிய செய்தியாக இருக்கும்.

கீழத்தஞ்சைக்காரி:

மேளக்காரத் தெரு தங்கை சொல்வதுபோலவே செய்கிறேன். மலரில் எங்கள் ஊர்க் கோயில் பகுதியை அப்படித்தான் எழுதுவேன். குழுவிலும் இதைப் பேசி முடிவாக்கிவிடுகிறேன்.

வேதைக்கரை:

தியாகிகள் பகுதியைப் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் பக்கம் வேதாரண்யம்.

1930 ஏப்ரல் 13 அன்று உப்புச் சத்தியாகிரகத்துக்காக ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து புறப்பட்டு, தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக 28ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். சுமார் நூறு பேர். தஞ்சைக் கலெக்டர் தார்ன் ஒரு உத்தரவு போட்டார்: இவர்களுக்குச் சோறு போட்டாலும் இடம் கொடுத்தாலும் ஆறு மாதச் சிறை. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் துணிந்து தன் வீட்டில் இடம் கொடுத்தார், உள்ளே போனார். மற்ற இடங்களில் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஆற்றங்கரையில் பாத்திரத்தோடு புதைத்துவைத்துவிட்டு, எங்கே இருக்கிறது என்று சாடை காட்டினார்கள். இந்தக் கதையை நாங்கள் பள்ளிக்கூடத்திலேயே கேட்டு வளர்ந்தோம். சொல்லும்போதெல்லாம் "மக்கள் தொங்கவிட்டார்கள்" என்றுதான் சொல்வார்கள்.

நூறு பேருக்குச் சோறு. யார் நெல்லைக் குத்தியது, யார் வடித்தது, யார் இலையில் கட்டியது? 1930இல் தஞ்சை ஜில்லாவில் வீட்டு அடுப்படியில் நின்றது யார் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிடிபட்டால் ஆறு மாதம் என்று தெரிந்துதான் அடுப்பை மூட்டியிருக்கிறார்கள். ஏறக்குறைய இரண்டு வாரம், வழிநெடுக, ஒவ்வொரு ஊரிலும். தண்டி யாத்திரைக்கு இப்படி ஒரு தடை உத்தரவு இருந்ததாக நான் படித்ததில்லை. வேதாரண்ய யாத்திரை முழுசாக நடந்து முடிந்ததற்கு அந்த அடுப்படிகள்தான் காரணம் என்று நான் நம்புகிறேன். அவர்களில் ஒருவர் பெயர்கூட எங்கள் ஊர்த் தியாகிகள் தூணில் இல்லை.

பெயரோடு தெரிந்த பெண் ருக்மணி லட்சுமிபதி. வேதாரண்யத்தில் கைதாகி, உப்புச் சத்தியாகிரகத்துக்காகச் சிறை போன முதல் பெண். 1946இல் சென்னை மாகாணத்தின் சுகாதார அமைச்சர். எழும்பூரில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. தினமும் அதில் போகிறவர்களுக்கு அது ஒரு முகவரி.

கெடிலம்:

வேதைக்கரை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நம் ஊர்களில் தியாகி யார் என்பதை முடிவு செய்தது பென்ஷன் விதி. மத்திய அரசின் தியாகி பென்ஷனுக்கு ஆறு மாதச் சிறை, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் மூன்று மாதம் என்று வைத்திருந்தார்கள். சிறைச் சான்றிதழ் இருந்தால் பட்டியல், பட்டியலில் இருந்தால் தூணில் பெயர். சோறு வடித்தவருக்கு யார் சான்றிதழ் கொடுப்பார்கள்? ஆகவே தியாகிகள் பகுதிக்குப் பென்ஷன் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள்.

சிறைக்கே போன பெண்களுக்கும் நிலை பெரிதாக மாறவில்லை. எங்கள் கடலூர் அஞ்சலையம்மாள் 1927இல், ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையைச் சென்னையிலிருந்து அகற்றக் கோரிய நீல் சிலைப் போராட்டத்தில் மகள் அம்மாக்கண்ணுவோடு கலந்துகொண்டவர். காந்தி அந்தச் சிறுமிக்கு லீலாவதி என்று பெயர் வைத்தார். பிறகு வேலூர்ச் சிறையில் இருந்தபோது அஞ்சலையம்மாள் கர்ப்பிணி. பிரசவத்துக்கு வெளியே விட்டார்கள். குழந்தை பிறந்து இரண்டு வாரத்துக்குள் மறுபடியும் உள்ளே போனார். சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். அண்மைக்காலத்தில்தான் அவர் பெயர் மேடைகளில் பரவலாகக் கேட்கிறது.

நடவு:

நான் விவசாயத் தொழிலாளி வீட்டுப் பெண். படித்து இப்போது வெளியூரில் வேலை. மேலே எல்லாரும் காகிதம், கல் என்று எழுதுகிறீர்கள். பத்திரம் இருக்க வேண்டும் என்றால் நிலம் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் யாருக்கு நிலம் இருந்தது? என் அம்மாச்சியின் பெயர் முதன்முதலில் எழுதப்பட்டது வாக்காளர் பட்டியலில்தான். அதுவும் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. நாட்டின் முதல் பொதுத்தேர்தல் சமயத்தில், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் சொல்லித் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லாததால் சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. பெரும்பாலும் வட மாநிலங்களில் என்றாலும், எவ்வளவு பெரிய எண்ணிக்கை!

எங்கள் வட்டாரத்தில் 1940களில் சங்கம் வந்தது. பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சாட்டையடியும் சாணிப்பாலும் (சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பது) நிற்க வேண்டும் என்பதற்காக. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வரலாறாக எழுதும்போது மணலி கந்தசாமி, சீனிவாச ராவ் என்று தலைவர்கள் பெயர் வரும். வர வேண்டியதுதான், தங்கள் வாழ்க்கையையே கொடுத்தவர்கள். ஆனால் தலைவர்கள் தலைமறைவாக இருந்தபோது கூடையில் சோறு கொண்டுபோனது, துண்டுச் சீட்டைக் கொசுவத்தில் முடிந்துகொண்டு வரப்பு வரப்பாக நடந்தது, போலீஸ் தெருவுக்குள் நுழைந்தால் குலவை போட்டு எச்சரித்தது எல்லாம் எங்கள் பெண்கள். இதை நான் அம்மாச்சியிடமும் அவர் வயதுப் பெண்களிடமும் கேட்டவள்.

கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது அக்கா, அதைச் சொல்லத்தான் வந்தேன். மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மகன்தான் பேசுவார். "எங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்பார். அவரை நாசூக்காக அப்புறப்படுத்துங்கள். "நீங்க போராட்டத்துல இருந்தீங்களா" என்று கேட்டால் "நாங்க என்னத்தடா செஞ்சோம், ஆம்பளைங்க செஞ்சாங்க" என்றுதான் சொல்வார்கள். அதையே "அன்னைக்கு ராத்திரி சோறு யாரு ஆக்கினது? புள்ளைங்களை எங்க கொண்டுபோய் விட்டீங்க? எத்தனை நாள் வேலைக்குப் போகல? அரிசிக்கு என்ன செஞ்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் நிறுத்த மாட்டார்கள். நடவுப் பாட்டைப் பாடச் சொல்லுங்கள். பண்ணைக் காரியக்காரனைத் திட்டிய வரிகள் நடுவில் வரும், சிரித்துக்கொண்டே பாடுவார்கள். உட்கார வைத்துப் பாடச் சொன்னால் மறந்துபோகும். கை வேலையில் இருக்கும்போது கேளுங்கள், கீரை ஆயும்போதாவது.

கீழ்வெண்மணி பற்றி: 1968 டிசம்பர் 25 அன்று எரித்துக் கொல்லப்பட்ட 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். எண்ணிக்கையாக மட்டும் எழுதாதீர்கள், பெயர்களை எழுதுங்கள். அதன் பிறகு அந்த மண்ணிலேயே தங்கி வேலை செய்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனையும் எழுதுங்கள். 1981இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலம் வாங்கி, நிலமில்லாக் குடும்பங்களுக்குப் பிரித்துக்கொடுத்தார்கள். பத்திரத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தார்கள். பழைய பத்திரம் ஐயா, எங்கள் தெருப் பெண்கள் உங்கள் பெயர்வாரி அட்டவணைக்குள் நுழைந்தது அப்படித்தான். விட்டுக்கொடுப்பவராக இல்லை, வாங்குபவராக.

பழைய பத்திரம்:

நடவு மகளே, நீ சொன்னது உண்மை. அந்தப் பத்திரங்கள் சிலதை நானே பார்த்திருக்கிறேன். ரேகை வைத்துவிட்டு, எழுதியதை ஒருமுறை முழுக்கப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டு போனார்கள். பெயரை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னவர்களும் உண்டு.

கிள்ளான்வாசி:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். நாகப்பட்டினம் என்றவுடன் ஒன்றைச் சொல்லத் தோன்றியது. எங்கள் பாட்டிமார்களில் பலர் கப்பல் ஏறியது நாகப்பட்டினத்திலிருந்துதான். ரப்பர்த் தோட்டத்துக்கு ஆள் கட்டிய கங்காணிகளைப் பற்றி இங்கே நிறைய எழுதியிருக்கிறார்கள். வந்த பெண்களைப் பற்றிக் கொஞ்சம்தான். 1943இல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென அமைந்த ஜான்சிராணிப் படையில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதி தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். கேப்டன் லட்சுமியின் பெயர் எல்லாருக்கும் தெரியும். அவர் பின்னால் அணிவகுத்த பால்மரம் வெட்டிய பெண்கள் உங்கள் ஊர்களிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள். "மலாயாவுக்குப் போனவள் திரும்பவே இல்லை" என்று உங்கள் ஊரில் யாராவது சொன்னால் குடும்பப் பெயரையும் தெருவையும் குறித்து வையுங்கள். இங்கே தேடிப் பார்க்க ஆட்கள் இருக்கிறோம்.

பொருநை:

தஞ்சைப் பெண் ஒருவர் எங்கள் பாளையங்கோட்டையில் ஊர் நினைவாகவே நிலைத்திருக்கிறார். குளோரிந்தா. தஞ்சையைச் சேர்ந்த மராட்டிய பிராமணக் கைம்பெண். 1778இல் ஸ்வார்ட்ஸ் ஐயர் என்ற மிஷனரியிடம் ஞானஸ்நானம் பெற்றார். 1785இல் அவர் முயற்சியில் எழுந்த ஆலயத்தை ஊர்க்காரர்கள் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறார்கள். திருச்சபை வரலாற்றில் ஸ்வார்ட்ஸுக்கு அத்தியாயம் அத்தியாயமாக இடம். ஊர் வாயில் மட்டும் அந்த அம்மாள் பெயர்தான். கிணறு, குளம், தெரு, சத்திரம் இவற்றின் பேச்சுவழக்குப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் தஞ்சைச் சீமையிலும் நீடாமங்கலத்தில் யமுனாம்பாள், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் என்று சத்திரங்கள் இருக்கின்றனவே.

சோழமண்டலன்:

இழை நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது. வாய்மொழி பற்றி என் கவலை மட்டும் தீரவில்லை. எங்கள் ஊர் எல்லையில் தீப்பாய்ந்தாள் அம்மன் கோயில் இருக்கிறது. கணவனோடு தீயில் விழுந்த பெண் என்று ஒரு தெரு சொல்கிறது. சாதி மாறிக் காதலித்ததற்காக எரிக்கப்பட்டவள் என்று இன்னொரு தெரு சொல்கிறது. மலரில் எதைப் போடுவீர்கள்?

நடவு:

இரண்டையும் போட வேண்டும் அண்ணா, எந்தத் தெரு எதைச் சொல்கிறது என்பதையும் சேர்த்து. கொன்றவர்களின் தெரு எதுவாக இருந்திருக்கும் என்று படிக்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள். ஒரு கதையைத் தேர்ந்தெடுத்துப் போட்டால்தான் தப்பு.

கல்லெழுத்து:

அதோடு ஒவ்வொரு செய்தியின் பக்கத்திலும் எங்கிருந்து கிடைத்தது என்று எழுதிவிடுங்கள்: கல்வெட்டு, பத்திரம், நேரில் கேட்டது, ஊர் வழக்கு. சோழமண்டலன் அண்ணாவின் கவலைக்கும் அதுதான் வழி. ஆனால் மிராசுதார் அத்தியாயத்துக்கும் இதே விதி வேண்டும். தாத்தா தானம் செய்தார், குளம் வெட்டினார் என்று பேரன் சொன்னதை ஆதாரம் கேட்காமல் அச்சிட்டுவிட்டு, பாட்டி சொன்னதற்கு மட்டும் சான்று கேட்பது முறையில்லை.

சோழமண்டலன்:

ஒப்புக்கொள்கிறேன். எல்லா அத்தியாயத்துக்கும் ஒரே விதி.

கீழத்தஞ்சைக்காரி:

எல்லாருக்கும் நன்றி. நேற்றுக் குழுவில் பேசினேன். "மகளிர்" என்ற கடைசிப் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னேன். பெண்களைத் தனியாக ஒதுக்க வேண்டாம், கோயில் பகுதியில் கோயிலுக்குச் செய்தவர்கள், தியாகிகள் பகுதியில் சோறு வடித்தவர்கள், சங்கம் பகுதியில் சீட்டுக் கொண்டுபோனவர்கள் என்று அந்தந்த இடத்தில் வரட்டும் என்றேன். பாதிப்பேர் சம்மதம். பக்கம் கூடினால் செலவு கூடும் என்று இன்னும் சிலர் இழுக்கிறார்கள். சான்று எங்கிருந்து என்று எல்லாவற்றுக்கும் போடும் யோசனை பண்ணை அத்தியாயம் எழுதுகிறவருக்குப் பிடிக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கிறோம், விடப் போவதில்லை.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். கல்லூரி மாணவிகள் சிலர் சேர்ந்திருக்கிறார்கள். தெருத் தெருவாகப் போய் எண்பது வயதைத் தாண்டிய பெண்களிடம் முதலில் பேசப் போகிறோம், மற்றதெல்லாம் காத்திருக்கும். நடவு, உங்கள் கேள்விகளை அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் தெருவிலிருந்தே ஒரு பெண் கேட்டால்தான் பேசுவார்கள் என்று நினைக்கிறேன், ஊருக்கு எப்போது வருவீர்கள்? பழைய பத்திரம் ஐயா, எங்கள் வீட்டுப் பெட்டியிலிருந்தே ஒரு விடுதலைப் பத்திரம் கிடைத்திருக்கிறது, 1961இல் எழுதியது. எழுத்து பல இடங்களில் புரியவில்லை. படம் எடுத்து அனுப்பினால் படித்துச் சொல்வீர்களா?

பழைய பத்திரம்:

அனுப்புங்கம்மா. பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். சாட்சிக் கையெழுத்தும் பதிவு முத்திரையும் அங்கேதான் இருக்கும்.

நடவு:

பொங்கலுக்கு வருகிறேன் அக்கா. அம்மாச்சியின் சிநேகிதி ஒருவர் இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம், நினைவு நன்றாக இருக்கிறது. அவரிடமிருந்து தொடங்கலாம்.